யாரும் சாகாத படம்

1957ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள், சனிக்கிழமை, மாலை நான்கரை மணி. ஆம்பூரில் எங்கள் வீட்டையும் பீபியம்மா வீட்டையும் இணைத்த சிறு கதவருகே நின்றுகொண்டு, "இந்தப் படத்துல யாரும் சாக மாட்டாங்க" என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மற்றபடி அது முழுவதும் பிழை.

நான் அதிகம் பேசாதவள். கல்லூரியில் பெயர் கூப்பிடும்போது நான் பதில் சொன்னது ஆசிரியைக்குக் கேட்காமல், வகுப்பில் அமர்ந்தபடியே விடுப்பில் இருந்த நாட்கள் உண்டு. இப்படிப்பட்டவர்கள் எப்போதாவது வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால், பேசாத நாட்களின் மதிப்பெல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. "கோமதி சும்மா சொல்ல மாட்டா" என்று பீபியம்மா அந்த இடத்திலேயே நம்பிவிட்டார்.

பீபியம்மா, என் அப்பா கணக்கு எழுதிய தோல் மண்டியின் முதலாளியுடைய மனைவி. அவருடைய வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். அவருடைய மகள் ரஹமத்துக்கு என் வயது. எட்டாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றது. என்னுடையது வேலூர்வரை நீண்டது. எனினும் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது கல்வி அன்று, சினிமா.

இன்னும் சரியாகச் சொன்னால், வரப்போகிற சினிமா. அதுவரை நான் பார்த்த படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எதிர்பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. காலையில் ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் வேலூர் என்று போகும் வழியில் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே போவேன். 'விரைவில் வருகிறது' என்ற இரண்டு சொற்களைப்போல் என்னை உருக்கிய தொடர் என் பாடநூல்களில் எதிலும் இல்லை. (இதைத் தேர்வில் எழுதவில்லை.) மாலையில் வீடு திரும்பினால் கதவருகே ரஹமத் நிற்பாள்.

"இன்னாடி புதுசு?"

"ஒண்ணு வருது. கதாநாயகி முகம் மட்டும் ஒட்டியிருக்கு. மழை பெஞ்சு பாதி கிழிஞ்சுபோச்சு."

"எந்தப் பாதி?"

"அழற பாதி இருக்கு."

"அது போதும்" என்பாள் ரஹமத். பாதி முகத்திலிருந்து முழுக்கதையை ஊகித்துக்கொண்டு இரண்டு வாரம் பேசுவோம். பிறகு படம் வேலூரில் ஓடி முடித்து, குடியாத்தம் போய், களைத்து ஆம்பூர் வரும். அதற்குள் பிலிமில் கீறல் விழுந்து, கொளுத்தும் வெயில் காட்சியிலும் மழை பெய்துகொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்ப்பது பெரும்பாலும் நடக்காது. பார்த்தாலும் நாங்கள் ஊகித்த கதை அதைவிட நன்றாகவே இருக்கும்.

அந்த ஆண்டு ரஹமத்துக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலூரில் தோல் வியாபாரம்.

"மாப்பிள்ளைய பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ, ஜன்னல் வழியா. மூக்கு மட்டும் தெரிஞ்சுது. நீ வீட்டப் பத்திக் கேளு. மாடியில நின்னா தியேட்டர்ல போடற பாட்டு முழுக்கக் கேக்குமாம். புதுப் படம் வந்தன்னிக்கே, கீறல் இல்லாம."

இவ்வளவு தெளிவான காரணத்தோடு திருமணத்தை விரும்பிய பெண்ணை நான் இதுவரை வேறெங்கும் கண்டதில்லை.

தடை, மாப்பிள்ளையின் தாயார். நல்லவர். ஆனால் சகுனங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை உடையவர். முன்பு நிக்காஹ் தேதி குறிக்க வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து அவர் ஏறிய ஜட்காவின் சக்கரம் கழன்று ஓடி ஒரு வெற்றிலைக் கடைக்குள் நுழைந்தது. அவர் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். இப்போது பொங்கல் முடிந்து மறுபடியும் வருகிறார். இம்முறையும் ஏதாவது சரியில்லையென்றால், பேரணாம்பட்டில் அவருடைய உறவில் ஒரு பெண் தயாராக இருந்தாள். பேரணாம்பட்டு நல்ல ஊர்தான். அந்தப் பெண் வேலூர் மாடியில் நின்று பாட்டுக் கேட்பாள் என்பதுதான் ரஹமத்தைத் தூங்கவிடவில்லை.

சம்பந்தியை மகிழ்விக்க பீபியம்மா பிரியாணி திட்டமிட்டார், பிறகு சினிமா திட்டமிட்டார். சம்பந்திக்குச் சினிமாவில் விருப்பம் உண்டு, ஆனால் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. கடைசியாகப் பார்த்த படத்தில் ஒரு தாய் இறந்தாளாம். அதே வாரம் அவர்களுடைய தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு குழித் தோல் முழுவதும் அழுகிப்போனது. மற்றவர்களுக்குத் தெரியாத தொடர்பை அவர் கண்டுகொண்டார். அன்றிலிருந்து, யாரும் சாகாத படம் என்று உறுதி சொன்னால்தான் வருவேன் என்பது அவர் நிபந்தனை. வேலூரில் அந்த உறுதியைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

"வில்லன் கூடவா சாவக் கூடாது?" என்று ரஹமத் தாயாரிடம் கேட்டாள்.

"வில்லன் செத்தா தப்பில்லன்னு சொன்னாங்க" என்றார் பீபியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ காலேஜில கதையெல்லாம்தானே படிக்கற. வெள்ளிக்கிழம வர்ற படத்துல யாராவது சாவாங்களா, சொல்லு."

அந்தப் படத்தை நானும் ரஹமத்தும் தீபாவளியிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். (படத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். எடுத்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.) வேலூரில் அது வந்து போய்விட்டது. என் வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். அவர்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கதை பேசத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் நான் காதைப் பொத்திக்கொண்டு நூலகத்துக்குள் போய்விட்டேன். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எதிர்பார்ப்பவளின் தர்மத்துக்கு விரோதம் என்பது என் கொள்கை. ஊகித்து அறிவது வேறு. அது ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்கு ஆதாரம், படத்தின் பாட்டுப் புத்தகம். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் இருந்தது. வழக்கம்போல் அது கதாநாயகன் ஊரைவிட்டுப் போகும் இடத்தில் நின்று, மீதியைத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொன்னது. நான் பாடல்களை ஆராய்ந்தேன். கடைசிப் பாட்டைக் கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்து பாடுகிறார்கள். செத்தவர்கள் பாடுவதில்லை. ஆகவே இருவரும் உயிரோடிருக்கிறார்கள். பாட்டில் மேகம், விண்மீன், வானத்து மாளிகை என்றெல்லாம் வந்தன. அவற்றை உயர்வு நவிற்சி அணி என்று தள்ளினேன். அந்த அணியை அப்போதுதான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். புதிதாகக் கற்ற ஒன்று கையில் இருக்கும்போது எல்லாம் அதற்குப் பொருந்திவிடுகிறது.

அப்படித்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பீபியம்மா அதை அப்படியே வேலூருக்குச் சொல்லியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புகளுக்கு விடுமுறை. பிரியாணி முடிந்து, மாட்டினி ஆட்டத்துக்குத் திரைச்சீலை கட்டிய ஜட்காக்கள் புறப்பட்டன. சம்பந்தியின் ஜட்காவுடைய சக்கரங்களை பீபியம்மா காலையிலேயே ஆள் வைத்து ஆட்டிப் பார்த்திருந்தார். ஆண் துணையாக என் அப்பா சைக்கிளில் வந்தார். அப்பா சினிமா பார்ப்பதில்லை. வெறுப்பு ஒன்றுமில்லை, இருட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். எடை சிறிது குறைந்தாலும் முதலாளியிடமே நேரில் சொல்லிவிடுபவர். ஆம்பூர் மண்டிகளில் அப்பாவின் வாய்ச்சொல்லுக்கு முத்திரை தேவைப்பட்டதில்லை. இது பின்னால் தேவைப்படும் செய்தி.

எங்கள் ஊர்க் கொட்டகையில் பர்தா அணியும் கோஷாப் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. கடைசி நாற்காலி வரிசைக்குப் பின்னால், மூன்று பக்கமும் பலகை அடைத்து, முன்பக்கம் ஒரு கறுப்புத் திரை. விளக்கு அணைந்ததும் கயிற்றை இழுத்தால் திரை மேலே சுருண்டு ஏறும், பெண்கள் படம் பார்ப்பார்கள். விளக்கு எரிவதற்குமுன் கயிற்றை விட்டால் கீழே இறங்கும், யாரும் பெண்களைப் பார்க்க முடியாது. கயிற்றைக் கட்டிவைக்கும் ஆணி எப்போதோ விழுந்துவிட்டதால், முனியம்மா என்பவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் அவருடைய வேலை. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து சம்பந்தியம்மா, அவருக்கு அந்தப் பக்கம் அசையாமல் ரஹமத், பிறகு பீபியம்மா. அப்பா எங்களுக்கு நேர் முன்னால், கடைசி நாற்காலியில். பெயர்கள் ஓடி முடிவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது.

இடைவேளைவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. சம்பந்தியம்மா இரண்டு முறை சிரித்தார். "நல்ல படம்தான்" என்று என் கையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையைக் கொட்டினார். சிரிப்பு வந்த ஒவ்வொரு முறையும் ரஹமத் அவருக்குத் தெரியாமல் கையை நீட்டி என் விரலை அழுத்தினாள். எதிர்காலம் வேலூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

இடைவேளைக்குப் பின் கதாநாயகன் இருமினான்.

ஒரே ஒரு இருமல்தான். ஆனால் அதற்குப்பின் கைக்குட்டையை விரித்துப் பார்த்தான். வாழ்க்கையில் இருமுகிறவர்கள் கஷாயம் குடித்துப் பிழைத்துக்கொள்கிறார்கள். சினிமாவில் கைக்குட்டையைப் பார்த்தவன் பிழைத்ததில்லை. இது எனக்குத் தெரியும். பாட்டுப் புத்தகத்தில் இருமல் அச்சிடப்படவில்லை.

"அந்தப் பையன் ஏன் இருமறான்?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"தூசிங்க" என்றேன்.

அவர் ஏற்றுக்கொண்டார். அவன் மறுபடியும் இருமினான். "தூசி ஜாஸ்திதான்" என்றார். மூன்றாம் முறை அவர் வேர்க்கடலை தின்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது வயலின் ஆரம்பித்தது. முனியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு, இத்தக் கொஞ்சம் புடி. நான் முன்னால போய் அழுதுட்டு வர்றேன்" என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, முன்வரிசைத் தரையில் இடம்பிடித்து முந்தானையை எடுத்துத் தயாரானார்.

கயிறு என் கையில் இருந்தது. திரையில் புயல் எழுந்தது. கதாநாயகி அக்கரையில் விளக்கோடு நிற்க, அவன் இருமிக்கொண்டே படகில் ஏறினான். நீந்தத் தெரியாதவன் என்பதை முதல் பாதியில் ஒரு நகைச்சுவைக் காட்சியாகவே காட்டியிருந்தார்கள். அப்போது நாங்கள் சிரித்திருந்தோம். இடி இடித்தது. துடுப்பு முறிந்தது. சம்பந்தியம்மா என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"ஏம்மா, நீ சொன்னது நெஜம்தானே?"

அவருக்கு அப்பால் ரஹமத்தின் முகம் திரையின் மின்னலில் ஒருமுறை தெரிந்தது. அந்த முகத்தில் பேரணாம்பட்டு முழுவதும் தெரிந்தது.

நான் கயிற்றை விட்டேன்.

கறுப்புத் திரை சரசரவென்று இறங்கி எங்களை முழு இருட்டில் வைத்தது. கயிற்றின் நுனி உருளையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. இனி நான் நினைத்தாலும் அதை மேலே ஏற்ற முடியாது. கோஷாவுக்குள் ஒரே கூச்சல்.

"யாரும்மா கயித்த உட்டது?" என்றது முனியம்மாவின் குரல்.

"கை நழுவிடுச்சு" என்றேன்.

"இன்னா பேஜாரா போச்சு. திரையக் கையாலயாவது தூக்குங்களேன்" என்றாள் ஒருத்தி.

"யாரும் தொடாதீங்க" என்றார் பீபியம்மா. "திடீர்னு லைட்டப் போட்டுடுவான். தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா எல்லா ஆம்பளைங்க எதிர்லயும்?" கைகள் பின்வாங்கின.

திரையில் ஒரே ஓர் எலிக்கடி ஓட்டை இருந்தது. அது என் முகத்துக்கு நேராக இருந்ததைத் தெய்வச் செயல் என்பதா, தண்டனை என்பதா என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை. நான் முன்னால் சாய்ந்து ஒரு கண்ணை அதில் வைத்தேன்.

"அங்க இன்னா நடக்குது, சொல்லு" என்றார் சம்பந்தியம்மா.

அவசரத்தில் சிலருக்குத் தாய்மொழி வரும் என்பார்கள். எனக்குப் பாடநூல் மொழி வந்தது. அதுவும், வகுப்பில் ஒருநாளும் வராத உரத்த குரலில்.

"படகு கரையை அடைந்துவிட்டது."

அடைந்திருந்தது, துண்டு துண்டாக.

"பையன்?"

"அவனும் கரையை அடைந்துவிட்டான்."

இதுவரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

"எழுந்து நிக்கறானா?"

"படுத்திருக்கிறான். களைப்பு."

"அந்தப் பொண்ணு?"

"அவன் தலையை எடுத்து மடியில் வைத்திருக்கிறாள்."

"மாஷா அல்லா" என்று கோஷாவின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

நல்லவேளையாக, அந்த இயக்குநர் இறுதிக் காட்சியில் வசனத்தைவிட இடியை நம்பியவர். தகரக் கூரையின்கீழ் அந்த இடியில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கதாநாயகியின் அலறலுக்கு இடி போதவில்லை.

"ஏன் அப்படிக் கத்தறா?"

"மகிழ்ச்சி மிகுதியால்" என்றேன். பொய் இந்த இடத்தில் தொடங்கிற்று.

கதாநாயகி அவன்மேல் சாய்ந்து, அசைவற்றுப் போனாள். "அவளும் களைத்துவிட்டாள்" என்று அறிவித்தேன். அவனுடைய தாய் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "தாயார் வந்துவிட்டார். இருவரையும் அணைத்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் சொரிகிறார்."

ஆண்கள் பக்கம் அதுவரை விசும்பல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "யாருய்யா அது? இங்க ரெண்டு பேரும் செத்துக் கெடக்கறாங்க, பின்னால ஆனந்தக் கண்ணீராம்."

"யாரோ செத்துட்டாங்கன்றாரே" என்றார் சம்பந்தியம்மா.

"வில்லன்" என்றேன்.

"ரெண்டு பேர்ன்றாரு."

"வில்லனும் அவனுடைய மைத்துனனும்."

அந்தப் படத்தில் வில்லனுக்கு மைத்துனன் கிடையாது. ஒரு படைப்பாளி எந்த நெருக்கடியில் புதுப் பாத்திரங்களை உண்டாக்குகிறான் என்ற கேள்விக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இருட்டில் அவர் கைவளையல்கள் ஒருமுறை ஒலித்து நின்றன. அந்த நொடியில் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் எழுந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள்.

"இதுதான் அந்தக் கடைசிப் பாட்டு" என்றாள் ரஹமத். "கோமதி சொன்னாளே. ரெண்டு பேரும் சேந்து பாடுவாங்கன்னு."

"ரெண்டு பேரும் பாடறாங்க" என்றார் சம்பந்தியம்மா. நெடுநேரம் அடக்கிய மூச்சை விட்டார். "அப்ப உசிரோடதான் இருக்காங்க."

என்னுடைய தருக்கத்தை வார்த்தை மாறாமல் அவரே வந்தடைந்தார். என்னை அதில் தள்ளிய அதே பாட்டு என்னைக் கரையேற்றியது. ஓட்டை வழியே நான் பார்த்தபோது, இருவரும் வெள்ளை உடையில் மேகங்களின்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். உயர்வு நவிற்சி ஒன்றும் இல்லை. உள்ளது உள்ளபடி.

விளக்குகள் எரிந்தன. வெளியே வந்தால் புதிய ஆபத்து. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிற பலசாலிகள் எல்லாரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஜட்காக்காரர் மூக்கை உறிஞ்சினார். சம்பந்தியம்மா ஜட்காவில் ஏறாமல் நின்றார். முகத்திரைக்குள்ளிருந்து அவர் பார்வை அந்தக் கண்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

"கணக்குப்பிள்ளைய கூப்பிடுங்க" என்றார்.

அப்பா சைக்கிளோடு வந்து, பார்வையைத் தாழ்த்தி, ஜட்காச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்த ஊரே சொல்லுது. திரைக்கு வெளியிலதானே இருந்தீங்க. படம் எப்படி முடிஞ்சுது?"

ரஹமத்தின் கை என் கையைப் பிடித்தது. இம்முறை விரல் வலித்தது. அப்பா பொய் சொல்ல மாட்டார். மகளுக்காகவும் சொல்ல மாட்டார், முதலாளி வீட்டுக்காகவும் சொல்ல மாட்டார். அதை நான் நன்கு அறிவேன்.

அப்பா சிறிது யோசித்தார். எடை சொல்வதற்குமுன் யோசிப்பதுபோல.

"எல்லாரும் கரை சேந்துட்டாங்க. அந்தம்மா புள்ளைங்கள கட்டிக்கிட்டு ஆனந்தக் கண்ணீர் உட்டாங்க. வில்லனும் அவன் மச்சானும் செத்துட்டாங்க. என் காதுல விழுந்தது அவ்வளவுதாங்க."

ஒரு சொல்லும் பொய் இல்லை. படம் முழுவதும் தூங்கியவர், என் குரல் கேட்டு விழித்துக்கொண்டு, அதை மட்டுமே கேட்டிருந்தார். கண்ணைத் திறந்தாரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"அப்ப இவங்கல்லாம் ஏன் அழறாங்க?"

"நாளைக்கு வேலைக்குப் போவணுமில்லீங்களா" என்றார் அப்பா.

சம்பந்தியம்மா ஜட்காவில் ஏறினார். அன்று மாலையே, ரம்ஜானுக்கு முந்தைய மாதத்தில் தேதி குறிக்கப்பட்டது.

இது நடந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. நான் இப்போது முதுகலை படிக்கிறேன். ரஹமத் வேலூர் மாடியில் நின்று பாட்டுக் கேட்கிறாள். அவள் மாமியார், அந்தப் படம் சோகமாக முடிகிறது என்று சொல்லும் அக்கம்பக்கத்தார் அனைவரோடும் வாதாடி, முடிவில் ஆம்பூரில் ஓடியது வேறு படம் என்ற தீர்ப்புக்கு வந்துவிட்டார். அவருடைய மகன் அந்த வாதங்கள் நடக்கும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாராம். அவர் வேலூரில் அதே படத்தை மூன்று முறை பார்த்தவர். தாயாரிடம் அதைச் சொன்னால், மண்டிக்குப் போனதாகச் சொன்ன மூன்று மாலைகளுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கல்யாணமான வாரத்திலேயே ரஹமத்திடம் ரகசியமாகக் கேட்டாராம்.

"யாரு அந்தப் பொண்ணு, மச்சானப் புடிச்சுக் கொண்டாந்தது?"

"என் தோஸ்த்."

"அடுத்த படத்துக்கும் அவங்களையே கூட்டிக்க."

எங்கள் வீட்டில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது. உறவினர் எவராவது சண்டைக்கு அடிபோட்டாலோ, குழம்பு தீய்ந்து வாடை கூடத்துக்கு வந்தாலோ, என் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி யாராவது கேட்டாலோ, அப்பா தலையை நிமிர்த்தாமல் சொல்வார். "கோமதி, கயித்த உடு." நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதற்குமேல் அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

படம் பார்த்த மறுநாள் காலை நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் வாசல் பெருக்கிவிட்டு வந்தபோது, நடுக்கதவருகே ரஹமத் நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா உள்ளே புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். ரஹமத் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப நெஜத்த சொல்லு."

"எதுக்கு? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"தீபாவளியிலேர்ந்து காத்திருந்தேன்டி. கடைசி ரீல் வந்தப்ப நீ கயித்த உட்டுட்ட. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப சொல்லு."

அவளுக்கு நான் செய்தது எவ்வளவு பெரிய உதவியோ அவ்வளவு பெரிய கொடுமை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். இம்முறை பாடநூல் மொழி வரவில்லை. படகு எப்படி உடைந்தது, அவன் எப்படிக் கரையில் ஒதுங்கினான், விளக்கை எப்படி அவள் கீழே வைத்தாள், அவன் கடைசியாக ஏதோ சொல்ல வாய் திறந்து எப்படிச் சொல்லாமலே போனான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதாநாயகி மேகத்தில் அவன் கையைப் பிடிக்கும் இடத்துக்கு வந்தபோது ரஹமத் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நேற்று ஒரு கண்ணால் பார்த்தும் வாயால் வேறொன்றைச் சொல்லியும் அலைந்ததில், அழுவதற்கு எனக்கும் நேரம் கிடைத்திருக்கவில்லை. அந்த நேரம் இப்போது கிடைத்தது.

"இன்னாம்மா, காலங்காத்தால ரெண்டு பேருக்கும் கண்ணு செவந்திருக்கு?"

சம்பந்தியம்மா எங்கள் பின்னால் நின்றிருந்தார்.

"தூசிங்க" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம் துப்பட்டாவின் நுனியால் ரஹமத்தின் கன்னத்தைத் துடைத்தார்.

"ஆம்பூர்ல தூசி ஜாஸ்திதான்" என்றார். "வேலூருக்கு வா. அங்க கம்மி."